மூல் கணக்குக்கு மூன்று வழிகள்: மலையக வகுப்பறையில் எதை முதலில் வைப்பது?

உயர்தர இரசாயனவியல் வகுப்பில் முதலாந் தவணை முடிவதற்குள் ஆசிரியர் எடுத்தாக வேண்டிய முடிவு ஒன்று உண்டு. மூல் கணக்கை, அதாவது பதார்த்தத்தில் உள்ள துணிக்கைகளை மூல் என்ற அலகால் எண்ணும் கணக்கை, மாணவர் கையில் எந்த வழியாகக் கொடுப்பது என்பதே அது. சூத்திரத்தைக் கொடுத்துப் பயிற்சி செய்விப்பது ஒரு வழி. சாதாரண தரத்தில் பழகிய விகிதத்தைக் கொண்டே நகர்த்துவது இன்னொரு வழி. ஒவ்வோர் எண்ணையும் அதன் அலகோடு சேர்த்து எழுதி, மேலும் கீழும் வரும் அலகுகளை வெட்டிக்கொண்டு போவது மூன்றாவது வழி. சரியாகச் செய்தால் மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். மாணவர் தவறும்போது அந்தத் தவறு கண்ணில் படுகிறதா, படாமல் விடைத்தாள் வரை போய்விடுகிறதா என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டப்புறங்களில் இப்பாடத்தைக் கற்பித்து வந்தவன் என்ற முறையில், அந்த ஓர் அளவுகோலையே பிரதானமாக வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

வழிகளுக்குப் போவதற்கு முன், அவை எதன்மீது நிற்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். பௌதிகக் கணியம் ஒன்று எண்ணும் அலகும் சேர்ந்தது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கணியமன்று. தோட்டத்துப் பிள்ளைக்கு இது புதிய செய்தியும் அன்று. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்து "பதினெட்டு" என்று கூப்பிட்டால், இன்று அது 18 கிலோ. அந்தப் பிள்ளையின் பாட்டி காலத்தில் அதே சொல் 18 இறாத்தலைக் குறித்தது. அதாவது 8 கிலோவைச் சற்றே தாண்டிய கொழுந்து. எண் மாறவில்லை, கூடையின் பாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. வீட்டுத்திட்டத்துக்கென்று பேசப்பட்டு வந்த 7 பேர்ச்சஸ் காணியும் அப்படியே. ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர் என்று தெரிந்தால்தான் அது 177 சதுர மீற்றர் என்ற நிலமாக மனத்தில் விரியும். அலகில்லாத எண்ணை நம்பக்கூடாது என்பதைப் பெரியவர்கள் தராசடியில் கற்றிருக்கிறார்கள். வகுப்பறையில்தான் நாம் அதை மறந்து, பலகையில் வெறும் எண்களை எழுதுகிறோம்.

மூல் என்பதும் இவ்வாறான ஓர் அலகே. மீற்றர், கிலோகிராம், செக்கன், அம்பியர், கெல்வின், கன்டெலா ஆகியவற்றோடு ஏழாவது அடிப்படை அலகாக அது 1971 இல் சர்வதேச அலகு முறையில் சேர்க்கப்பட்டது. அது அளக்கும் கணியத்தின் பெயர் பதார்த்தத்தின் அளவு. மாணவருக்கு நீளம் தெரியும், திணிவு தெரியும். பதார்த்தத்தின் அளவு என்றால் மட்டும் கையில் பிடிக்க எதுவும் கிடைப்பதில்லை. தமிழில் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மூலகம், மூலக்கூறு, மூல் ஆகிய மூன்று சொற்களும் காதுக்கு ஒரே குடும்பமாகக் கேட்கின்றன. "1 மூல் நீர் என்றால் 1 நீர் மூலக்கூறு" என்று எழுதிய கொப்பிகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இது மாணவரின் மந்தமன்று, சொல்லின் சாயல் செய்யும் வேலை. முன்னிரண்டும் மூலம் என்ற சொல்லிலிருந்து ஆக்கப்பட்டவை, மூல் என்பது பிறமொழி அலகுப் பெயரின் ஒலிபெயர்ப்பு மாத்திரமே, டசின் போன்ற ஒரு சொல் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வரைவிலக்கணத்திலும் ஒரு தெரிவு இருக்கிறது. பழைய வரைவிலக்கணம், காபன்-12 இன் 12 கிராமில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துணிக்கைகளைக் கொண்ட அளவே 1 மூல் என்றது. 2018 நவம்பரில் எடுக்கப்பட்ட தீர்மானத்தின்படி 2019 மே 20 முதல் அமுலுக்கு வந்த புதிய வரைவிலக்கணம், சுற்றி வளைக்காமல், சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகளைக் கொண்ட அளவே 1 மூல் என்கிறது. பழையது தராசிலிருந்து எண்ணிக்கைக்குப் போகிறது. புதியது எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறது. கற்பிப்பதற்குப் புதியதே இலகு என்பது என் துணிபு, ஏனெனில் "இத்தனை எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டு" என்பதைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். ஆயினும் பழைய வரைவிலக்கணத்தை முற்றாகக் கைவிட முடியாது. சார் அணுத்திணிவு 12 ஆன காபனில் 1 மூல் ஏன் 12 கிராமாக நிற்கிறது என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கிறது. இன்று அந்த 12 கிராம் வரைவிலக்கணத்தால் சரியாக 12 அன்று, அளவீட்டால் 12; பாடசாலைக் கணக்கில் இந்த வேறுபாடு எங்கும் தலைகாட்டாது.

எந்த வழியைத் தெரிந்தாலும் அதற்கு முன் ஒரு பாடவேளையைச் செலவிட்டே ஆக வேண்டிய செயற்பாடு ஒன்றுண்டு: நிறுத்து எண்ணுதல். இதற்கு ஆய்கூடம் தேவையில்லை, கடையில் இரவல் வாங்கிய சிறிய இலத்திரனியல் தராசும் கொஞ்சம் பயறும் கடலையும் போதும். நூறு பயறு 5 கிராமும் நூறு கடலை 30 கிராமும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எண்ணிக்கை சமமாக இருக்கும் எந்தக் குவியலிலும் திணிவுகளின் விகிதம் 1 இற்கு 6 ஆகவே இருக்கும். ஆயிரமாயினும் பத்து இலட்சமாயினும் அது மாறாது. ஒரு கிலோக் கடலையில் எத்தனை கடலை என்று கேட்டதும், ஒருவரும் எண்ண எழுந்திருக்காமல் 1000 கிராமை 0.3 கிராமால் வகுக்கிறார்கள். அந்த வகுத்தலில்தான் மூல் கணக்கின் உயிர் இருக்கிறது. அதன்பின் ஐதரசனையும் காபனையும் அதே பயறு, கடலை இடத்தில் வைத்து, 1 இற்கு 12 என்ற விகிதத்தைச் சொன்னால், யாரும் வியப்படைவதில்லை. எண்ணின் பெருமையைக் காட்ட, தேநீருக்குப் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனியை எடுக்கலாம். ஏறத்தாழ 4 கிராம் கொண்ட அதை 342 ஆல் வகுத்தால் 0.0117 மூல், அதில் 7 × 10²¹ சீனி மூலக்கூறுகள் உள்ளன.

இனி முதலாவது வழி. திணிவை மூலர்த் திணிவால் (1 மூலின் திணிவால்) வகுத்தால் பதார்த்தத்தின் அளவு கிடைக்கும் என்ற சூத்திரமும், அதை நினைவில் வைக்க வரையப்படும் முக்கோணமும் எல்லோரும் அறிந்தவை. மேலதிக வகுப்புகளில் இதுவே ஆட்சி செய்கிறது, அதற்கு நியாயமும் உண்டு. உயர்தர இரசாயனவியலின் முதலாம் வினாத்தாளில் 50 வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது வினா ஒன்றுக்கு 2.4 நிமிடம், கணிப்பானும் அனுமதிக்கப்படுவதில்லை. பழகிய கைக்கு இவ்விடத்தில் சூத்திரத்தைவிட வேகமானது வேறில்லை.

ஆனால் சூத்திரம் அலகைக் கண்டுகொள்வதில்லை. கடந்த தவணையில் ஒரு மாணவியின் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலத்தின் 25 கன சென்ரிமீற்றரில் உள்ள அமிலம் 2.5 மூல் என்று எழுதியிருந்ததைக் கண்டேன். செறிவைக் கனவளவால் பெருக்கு என்ற சூத்திரத்தை அவர் பிழையின்றிப் பயன்படுத்தியிருந்தார். 2.5 மூல் அமிலம் என்றால் எத்தனை கிராம் என்று கேட்டேன். 36.5 ஆல் பெருக்கி, 91 கிராம் என்றார். அந்தக் கரைசல் முழுவதையும் தராசில் வைத்தால் எவ்வளவு நிற்கும் என்று கேட்டதும் நீண்ட நேரம், கரைசலை அளக்கும் குழாயியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "25 கிராம்தானே சேர், பிறகு எப்படி உள்ளுக்கு 91 கிராம் இருக்கும்?" என்றார். சூத்திரம் அவரைக் கைவிடவில்லை; கன சென்ரிமீற்றரைக் கன டெசிமீற்றராக, அதாவது லீற்றராக, மாற்ற வேண்டும் என்று எச்சரிக்கும் உறுப்பு சூத்திரத்தில் இல்லாமையே காரணம்.

எழுத்துக்களின் குழப்பமும் சிறிதன்று. சிறிய எம் திணிவையும் குறிக்கும், மீற்றர் என்ற அலகையும் குறிக்கும். பெரிய எம் மூலர்த் திணிவுக்கும், பழைய புத்தகங்களில் செறிவுக்கும் நிற்கும். அச்சில் கணியத்தைச் சாய்ந்த எழுத்திலும் அலகை நிமிர்ந்த எழுத்திலும் இடுவது வழக்கம் என்பதால் வேறுபாடு தெரியும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆறு மாதங்களில் திணிவுக்கு ஒரு முக்கோணம், செறிவுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, துணிக்கைக்கு ஒன்று என்று நான்கைந்து முக்கோணங்கள் சேர்ந்த பிறகு, எந்த வினாவுக்கு எது என்ற தேர்வே ஒரு தனிப் பாடமாகிவிடுகிறது.

இரண்டாவது வழியான விகிதம் மலையகத்துப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது. உரக் கணக்கில் அதன் அழகைக் காணலாம். 50 கிலோ யூரியா மூட்டையில் எவ்வளவு நைதரசன் இருக்கிறது? யூரியாவின் மூலர்த் திணிவு 60 கிராம். அதில் இரண்டு நைதரசன் அணுக்கள், 28 கிராம். 60 இல் 28 என்றால் 50 கிலோவில் 23.3 கிலோ. அமோனியம் சல்பேற்றின் மூலர்த் திணிவு 132 கிராம். அதிலும் இரண்டு நைதரசன் அணுக்களே இருப்பதால் 132 இல் 28, ஆக 50 கிலோவில் 10.6 கிலோ. இரண்டு மூட்டைகளும் பார்வைக்கு ஒரே பாரம், தேயிலைக்குச் சேரும் நைதரசனோ ஒன்றில் மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உர மூட்டையில் 46 சதவீதம் என்றும் 21 சதவீதம் என்றும் அச்சிடப்பட்டிருப்பது எங்கிருந்து வந்தது என்பதை இந்த இரண்டு வரிகளில் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடுகிறது. இவ்வாறான கணக்குக்கு மூல் என்ற சொல்லைக்கூட உச்சரிக்க வேண்டியதில்லை. கிராமும் கிலோவும் விகிதத்துக்குள் கரைந்துவிடுகின்றன. இங்கே சூத்திரத்தைப் பயன்படுத்துவது வீண் வேலை.

விகிதத்தின் குறை, எல்லாவற்றையும் நேர்விகிதமாகப் பார்க்கும் பழக்கத்தை அது வளர்ப்பதே. லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள 25 கன சென்ரிமீற்றர் கரைசலை 0.05 ஆக ஐதாக்கினால் கனவளவு எவ்வளவு என்று கேட்டால், செறிவு பாதியாகும்போது கனவளவும் பாதியாகும் என்று 12.5 எழுதுவோர் வகுப்பில் எப்போதும் சிலர் இருப்பர். நீர் சேர்த்த பிறகு கரைசல் குறையுமா என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சரியான விடை 50. மேலும், செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் அளவைக் காணும் நியமிப்புக் கணக்கில் கனவளவிலிருந்து மூல், அதிலிருந்து சமன்பாட்டின் வழியே மற்றைய பதார்த்தத்தின் மூல், அதிலிருந்து திணிவு என்று மூன்று படிகள் வரும்போது, ஒவ்வொரு படிக்கும் ஒரு புது "எனில்" வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் விடையை மட்டந்தட்டிக்கொண்டு போவதால் கடைசி இலக்கம் பிசகும்.

மூன்றாவது வழியில், மேலே சொன்ன அதே அமிலக் கணக்கு இப்படி நிற்கும்: 25 கன சென்ரிமீற்றர், அதை 1000 கன சென்ரிமீற்றருக்கு 1 கன டெசிமீற்றர் என்ற பின்னத்தால் பெருக்க வேண்டும், பிறகு 1 கன டெசிமீற்றருக்கு 0.1 மூல் என்ற பின்னத்தால் பெருக்க வேண்டும். கன சென்ரிமீற்றர் கன சென்ரிமீற்றரோடு வெட்டுப்படும், கன டெசிமீற்றர் கன டெசிமீற்றரோடு வெட்டுப்படும், மூல் மட்டும் மிஞ்சும், விடை 0.0025 மூல். நடுப் பின்னத்தை மறந்தால் வெட்டுப்படாத இரண்டு அலகுகள் தாளிலேயே நின்று, வேலை முடியவில்லை என்று காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் தவறைச் சொல்லக்கூடியது இந்த ஒரு வழிதான். பாடசாலை விட்டு ஓரிரண்டு மைல் மலையேறி லயத்துக்குப் போய், இரவில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு, சந்தேகம் கேட்க வீட்டில் இரசாயனவியல் படித்தவர் ஒருவரும் இல்லாத நிலையில், இது சிறிய உதவியன்று.

இவ்வழியில் ஒரு நிபந்தனை உண்டு. அலகோடு பதார்த்தத்தின் பெயரையும் எழுத வேண்டும். "கிராம் யூரியா" வேறு, "கிராம் நைதரசன்" வேறு. இரண்டையும் வெறும் கிராம் என்று எழுதினால் வெட்டக்கூடாததை வெட்டிவிடுவோம். கண்டிப்பாகப் பார்த்தால் சர்வதேச அலகு முறை அலகின்மேல் இவ்வாறு பெயரை ஒட்டுவதை ஏற்பதில்லை. ஆகவே செய்கை வரிகளில் மட்டும் பெயரை வைத்துக்கொண்டு, இறுதி விடையில் "நைதரசனின் திணிவு 23.3 கிலோகிராம்" என்று முறையாக எழுதப் பழக்குகிறேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அலகு இரசாயனத்தை அறியாது. அமோனியம் சல்பேற்றில் ஒரு நைதரசன் அணுதான் என்று எண்ணிவிட்டால், எல்லா அலகுகளும் அழகாக வெட்டுப்பட்டு, விடை மட்டும் பாதியாக வரும். சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரியாதவரை எந்த வழியும் காப்பாற்றாது. எழுத்து வேலையும் இதில் அதிகம்.

வாயுக்களின் கனவளவு வரும் இடத்தில்தான் என் தெரிவு உறுதியானது. மகனீசிய நாடாவின் ஒரு மீற்றரை நிறுத்து, 0.024 கிராமுக்குரிய நீளத்தை வெட்டி, அமிலத்தில் இட்டு, வெளிவரும் ஐதரசனை அளவியில் சேகரிக்கும் பரிசோதனை எல்லோருக்கும் தெரிந்ததே. 0.001 மூல் மகனீசியம் 0.001 மூல் ஐதரசனைத் தரும். 22.4 லீற்றர் என்று மனனம் செய்தவர் 22.4 கன சென்ரிமீற்றரை எதிர்பார்ப்பார். அறை வெப்பநிலையில் 24 என்று படித்தவர் 24 ஐ எதிர்பார்ப்பார். நுவரெலியாவில் அளவி இரண்டையும் காட்டாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால்தான். 16 பாகை செல்சியசில் 1 மூல் உலர் வாயு அங்கே 29 இற்கும் 30 இற்கும் இடைப்பட்ட லீற்றர்களைப் பிடிக்கும். நீருக்கு மேலே சேகரித்தால், நீராவியும் சேர்ந்து, இன்னும் சற்றுக் கூடும். ஒருமுறை ஒரு மாணவன் தன் வாசிப்பை அழிறப்பரால் அழித்துவிட்டு 24 என்று எழுதுவதைக் கண்டேன். அழித்த இடத்தில் 30.1 என்ற எண்ணின் தடம் தாளில் பதிந்திருந்தது. அவன் கண் சரியாகப் பார்த்தது, கை சரியாக அளந்தது. கொழும்பின் அமுக்கத்துக்கும் பாடப்புத்தகத்தின் நிபந்தனைக்கும் உரிய எண்ணுக்காகத் தன் மலையின் உண்மையை அவன் அழித்துவிட்டான். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

22.4 என்பது 0 பாகை செல்சியசுக்கும் 1 வளிமண்டல அமுக்கத்துக்கும் உரியது. நியம அமுக்கத்தை 100 கிலோபஸ்காலாக எடுத்தால் அதுவே 22.7 ஆகும். சூத்திர வழியில் இந்த எண் மாறிலியாக வேடமிட்டு நிற்கிறது, விகித வழியிலும் அப்படியே. அலகு வழியில் வாயு மாறிலி, கெல்வின், பஸ்கால் ஆகியவற்றை எழுதித்தான் கனவளவுக்கு வர முடியும் என்பதால், வெப்பநிலை என்ன, அமுக்கம் என்ன என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

வழிகளோடு சேர்ந்து இன்னொரு தெரிவையும் இப்போது மாணவர்கள் தாமாகவே செய்கிறார்கள். கைபேசியில் தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளைப் பார்ப்பதா, நம் பாடத்திட்டத்தோடு நிற்பதா என்பது அது. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தடுக்க மாட்டேன். ஆனால் அங்கே நிறை என்றால் நமது திணிவு. நமது நிறைக்கு அங்கே எடை என்று பெயர். நமது மூல் அங்கே மோல், அமுக்கம் அங்கே அழுத்தம், ஐதரசன் அங்கே ஹைட்ரஜன். பெயர் மாற்றம் கேட்டுப் பழகிவிடும். நிறை என்ற ஒரே சொல் இரண்டு வேறு கணியங்களைக் குறிப்பதுதான் ஆபத்து. ஒன்றின் அலகு கிலோகிராம், மற்றதன் அலகு நியூற்றன். இங்கும் அலகைப் பார்க்கப் பழகியவர் அரை நிமிடத்தில் தெளிந்துவிடுவார்.

ஆகவே என் வகுப்பில் வரிசையை இப்படி வைத்திருக்கிறேன். பயறும் கடலையும் முதல் நாள். அடுத்து உர மூட்டை, சீனி, சுண்ணாம்பு என்று விகிதத்தால் மாத்திரம் ஒரு வாரம். மூன்றாம் வாரத்திலிருந்து தவணை முடியும்வரை அலகுகளோடு எழுதுதல். அலகில்லாத வரிக்குப் புள்ளி இல்லை. சூத்திரத்தை நான் பலகையில் எழுதுவதில்லை. ஒரே மாதிரிப் பின்னங்களை இருபது முறை எழுதிய பிறகு, இதைச் சுருக்கமாகத் திணிவை மூலர்த் திணிவால் வகுத்தல் என்று எழுதலாமா சேர் என்று யாராவது கேட்பார்கள். அப்போது எழுதலாம் என்று விட்டுவிடுகிறேன். அவ்வாறு வந்த சூத்திரத்துக்கு முக்கோணம் தேவைப்படுவதில்லை.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. இரண்டாம், மூன்றாம் தடவை தோற்றுபவர், பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருக்கும் நிலையில், கைக்குப் பழகிய சூத்திரத்தை விட்டு வர வேண்டியதில்லை. அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சூத்திரத்தில் எண்ணைப் பிரதியிடும் அந்த ஒரு வரியில் மட்டும் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அலகை எழுதட்டும். பல்தேர்வு வினாவில் அதற்குச் செல்வது ஐந்து செக்கன்.